டோக்கன் பலகை

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வெளிநாட்டுத் தூதுக்குழுவோடு பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று நான் உன்னிடம் சொல்லாதது இது: அண்ணன் வெளியூர் வேலைக்குப் போகவில்லை. நீ வருவதற்கு முந்தைய வாரமே அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"தம்பி எங்கே? நான் வர்றேன்னு தெரிஞ்சும் ஊர்ல இல்லாம போயிட்டானா, திமிரு" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறைப் பொறுப்பாளர் முந்திக்கொண்டார். "பாலம் வேலைக்கு அனுப்பியிருக்கோம் தோழர். லேத் வேலைன்னா அவரை விட்டா ஆளில்லை." நான் தலையாட்டினேன். உனக்கு இரண்டு பக்கமும் தூதுக்குழுவுக்கென்று ஒதுக்கிய ஆட்கள். எனக்குப் பின்னால் ஒருவர். நீ கிளம்பும்வரை நான் பேசாமலிருந்தால் அந்த வெள்ளிக்கிழமையே அவன் வீட்டில் இருப்பான் என்று சொல்லியிருந்தார்கள். நீ கிளம்பிப் போய்விட்டாய். வெள்ளிக்கிழமைகளும் போய்க்கொண்டிருக்கின்றன.

சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, "அந்த டோக்கன் பலகை எங்கே? அதைப் பார்க்கத்தானே வந்தேன்" என்றாய். பெயிண்ட் அடிக்க இறக்கியிருப்பதாகப் பொறுப்பாளர் சொன்னார். "நல்ல சிவப்பா அடிங்க" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் கைதட்டினார். எதற்கெடுத்தாலும் கைதட்ட ஆரம்பித்துவிடுவதால் பட்டறையில் அவருக்குப் பெயரே கைதட்டிதான்.

அந்தப் பலகையைப் பற்றிப் போன வருடம் நான் எழுதியதை வைத்து நீ ஒரு கட்டுரை எழுதினாய். ஆனாலும் முதலிலிருந்து மறுபடி சொல்கிறேன். அண்ணன் மேல் போட்டிருக்கும் வழக்கு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. முதலாளி காலத்தில் ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை டோக்கன் இருந்தது. காலையில் வாசல் கொக்கியில் உன் டோக்கன் இல்லையென்றால் உனக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்டால் என்றைக்குமே இல்லை. முதலாளி ஓடிப்போன பிறகு அண்ணனும் மற்றவர்களும் அந்த டோக்கன்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பலகை, அதில் பிரதிநிதிகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நீளமான ஓர் ஆணி. யாரை நம்புகிறாயோ அவர் ஆணியில் டோக்கனை மாட்டு. நம்பிக்கை போய்விட்டதா, கழற்றி வேறொருவர் ஆணியில் மாட்டு. ஆணியில் டோக்கன்கள் குறைந்துபோனால் அந்த ஆள் அன்றைக்கே தன் பழைய மெஷினுக்குத் திரும்பவேண்டும். தேர்ந்தெடுத்தவரை எப்போது வேண்டுமானாலும் திருப்பி அழைக்கலாம் என்று நீ அனுப்பிய புத்தகங்களில் இருந்தது. அதை இவர்கள் ஆணி அடித்து மாட்டினார்கள், அவ்வளவுதான்.

மேலிடத்திலிருந்து பொறுப்பாளரை நியமித்து அனுப்பியபோது அவர் பெயரையும் எழுதி ஓர் ஆணி அடித்தார்கள். அதற்கும் அவர் கைதட்டினார். ஆண்டு விழாவுக்குள் இரட்டிப்பு வேலை முடியவேண்டும் என்றார். கிரேன் சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று கேட்டதற்கு விழா முடியட்டும் என்றார். சங்கிலி விழாவரை காத்திருக்கவில்லை. ஒருவருடைய வலது கை போனது. மறுநாள் பொறுப்பாளர் ஆணியில் ஒன்றுமில்லை. அண்ணனுடைய ஆணி பாரம் தாங்காமல் வளைந்துவிட்டது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அண்ணன் அவர் முன்னால் போய் நின்று, "தோழர், உங்க ஆணி காலி. விதிப்படி நீங்க பழைய மெஷினுக்குத் திரும்பணும்" என்றிருக்கிறான். அவருக்குப் பழைய மெஷின் என்று எதுவும் கிடையாது. நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆணி காலியானதை அவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன், சிரிப்பைத்தான் மன்னிக்கவில்லை.

வேன் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டது. டோக்கன்களைக் கழற்றாமல் பலகையையும் அப்படியே பெயர்த்துப் போனார்கள். யார் எந்த ஆணியில் என்று எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எண்ணை உள்பக்கமாகத் திருப்பி மாட்டலாமே என்று ஆரம்பத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒளிப்பது முதலாளி காலத்துப் புத்தி, இனி யாருக்குப் பயம் என்று பேசி முடிவெடுத்து, எண் வெளியே தெரியும்படிதான் மாட்டினார்கள். நிஜமாகவே நம்பியவர்களால்தான் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய முடியும். இப்போது ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, 'அவன் தூண்டிவிட்டுத்தான் மாட்டினேன்' என்று கையெழுத்து வாங்குகிறார்கள்.

உன் பெயருக்கு இங்கே மரியாதை இருக்கிறது. எழுது. யாருக்கோ தனியாக அல்ல, எல்லோரும் படிக்கும்படி எழுது. இதைக் கொண்டுவருபவரிடம் எதுவும் கேட்காதே. அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. அண்ணன் பாலம் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் அவளிடமும் சொல்லிவைத்திருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


டிசம்பர் 9

என் சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்தவர் உட்காரக்கூட இல்லை. அம்மாவின் இருமலுக்கு மருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. நீ இளைத்துப்போயிருந்தாய். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தம்பியைப் பற்றி எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று அங்கே நின்று நான் சிவப்பு பெயிண்ட் ஜோக் அடித்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் நீ எழுதியிருப்பது ஒரு பக்கம். மறுபக்கம் என்று ஒன்று இல்லாமல் இருக்காது. கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே: அவன் வேறு யாருடனாவது பழகிக்கொண்டிருந்தானா? பட்டறைக்கு வெளியே யாராவது வந்து போனார்களா? அவன் வாயும் உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே, கேட்கவேண்டியதைக் கேட்பான், ஆனால் கேட்கக்கூடாத மாதிரி கேட்பான்.

கோட்பாட்டில் உள்ளதெல்லாம் மறுநாள் காலையிலேயே நடந்துவிடவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நாலா பக்கமும் எதிரி நிற்கிறான். கல்லெறி விழும் வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். வெளிப்படையாக எழுது என்கிறாய். அது அடுத்த நாளே இங்கே எந்தப் பத்திரிகையில் என்ன தலைப்போடு வரும் என்று எனக்குத் தெரியும். நான் வந்தபோது மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்பாட்டுத் துறைத் தலைவருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதுகிறேன். நல்ல மனிதர். பொறு.

பாசத்துடன்,
அக்கா


டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும், இந்த உறையை உனக்கு முன்னால் பிரிக்கப்போகும் அன்பருக்கும் வணக்கம். உன் கடிதம் வந்தபோது வேறு பசையால் ஒட்டியிருந்தது. இனி தபாலிலேயே எழுதுகிறேன். நான் எழுதுவதில் அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, செய்ததே அவர்கள்தானே.

மறுபக்கம் கேட்டாய். மறுபக்கத்தை நான் வாரா வாரம் பார்க்கிறேன். அது சிறை அலுவலகத்தின் ஒரு சின்ன ஜன்னல். அண்ணியும் நானும் அண்ணனுக்குக் கம்பளிச் சட்டை, சோப்பு, காலுறை கட்டிய பொட்டலத்தோடு வரிசையில் நிற்போம். உள்ளே இருப்பவர் பெயரைக் கேட்பார். உள்ளே போய் வந்து, "அப்படி ஒரு ஆள் இல்லை" என்பார். "இல்லைன்னா எங்கே?" என்று அண்ணி கேட்டாள். "இல்லைன்னா இல்லை. அடுத்தது." பேரைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிப் பார்க்கலாமா என்று வெளியே வந்து அண்ணி என்னிடம் கேட்டாள். நான் படித்த அத்தனை புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

அண்ணன் யாருடன் பழகினான் என்று கேட்டாயே, சொல்கிறேன். உன் புத்தகங்களோடு பழகினான். நீ அனுப்பியதை நான் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் அழகாகக் கோடு போட்டு வைப்பேன். அவன் எண்ணெய்க் கையோடு எடுத்துப் புரட்டி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "சரி, இதை எங்கே ஆணி அடிச்சு மாட்டுறது?" நாம் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிப்போம். நீயும்தான்.

உன் கட்டுரையில் வராத ஒன்று உண்டு. ஒரு தடவை அண்ணனே பலகையில் தோற்றான். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு யாரையும் கேட்காமல் ஒப்புக்கொண்டுவிட்டான். மத்தியானத்துக்குள் அவன் ஆணி காலி. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான் என்று பார்த்தால், அண்ணியிடம், "என்னைத் தூக்கிட்டாங்க. சரியாத்தான் செஞ்சிருக்காங்க, கழுதைங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சில மாதம் லேத்தில் நின்றான். பிறகு அவர்களே மறுபடி மாட்டினார்கள். அரசாங்கம் என்ற ஒன்றை நான் நம்பிய நாட்கள் என்றால் அவைதான்.

பழைய முதலாளி காலம் திரும்பவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வாசலில் அப்பா நின்ற கோலத்தை நீதான் எனக்குச் சொன்னாய். எனக்குக் கோபம் கோட்பாட்டின் மேல் அல்ல. ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள் என்கிறாய். கல் வெளியே இருந்து வருகிறது என்று உனக்கு யார் சொன்னது?

உன் நல்ல மனிதர் பதில் எழுதினாரா? அம்மாவுக்கு மருந்து கேட்கிறது. உன் கழுத்துவலி எப்படி?

தங்கை


ஜனவரி 24

என் சின்னவளுக்கு,

கழுத்துவலி அப்படியேதான். அம்மாவுக்கு மருந்து கேட்கிறது என்று படித்ததில் நிம்மதி.

பதில் வந்துவிட்டது. தம்பி நல்ல உடல்நலத்தோடு இருக்கிறான், விசாரணை முறைப்படி நடக்கிறது, கவலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். எந்த இடம் என்று கேட்டிருந்தேன். அதைப் பற்றி எழுதவில்லை. மறந்திருக்கலாம்.

நீ கோபத்தில் எழுதுவதை எல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. அரசு என்பது ஒருநாள் தேவையற்று உதிர்ந்துபோகும் என்பதை நான் இன்றும் நம்புகிறேன். அதற்கு முன்னால் அது இறுகவேண்டிய ஒரு காலம் வரும். அந்தக் காலத்தில் வாழ்வது கஷ்டம். உன் கஷ்டம் எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதே.

ஒரு நல்ல செய்தி. என் கட்டுரைகளைத் தொகுத்து அங்கேயே, நீ வேலை பார்க்கும் அரசு அச்சகத்தில் புத்தகமாகப் போடுகிறார்கள். உன் மேசைக்கே பிழைதிருத்த வந்தாலும் வரும். ஒற்றுப்பிழை விட்டால் காதைத் திருகுவேன் என்று சொல்வேனே, இப்போது உன் முறை.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் புத்தகம் என் மேசைக்குத்தான் வந்தது. அச்சகத்தில் எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல். அதன் வழியே பார்த்தால் எதிரில் உள்துறை அலுவலகம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு மாடி, இப்போது நாலாவதற்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். உதிர்வதாகத் தெரியவில்லை.

உன் கட்டுரைகளைக் கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் அத்தியாயம்வரை கோபம் குறையவில்லை. ஆறாம் அத்தியாயம் டோக்கன் பலகை. அக்கா, நீ எழுதியதிலேயே நல்லது அதுதான். மற்ற இடங்களில் நீ யாரோ ஒருவரோடு வாதாடிக்கொண்டே இருக்கிறாய். அதில் மட்டும் பார்க்கிறாய். பார்க்காமலே பார்த்திருக்கிறாய். 'மேலே இருப்பவரும் இந்த ஆணிக்கு விலக்கல்ல. விலக்கு என்று வந்த நாளில் இது புரட்சியாக இருக்காது' என்று முடிக்கிறாய். அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை என்பதால் அதில் எனக்கு வேலையே இல்லை. ஆனாலும் நெடுநேரம் அங்கேயே இருந்தேன்.

இப்போது கவனமாகக் கேள். அண்ணன் வழக்கு மே மாதம் வருகிறது. புத்தகம் அதற்கு முன் வந்துவிடும். அண்ணன் செய்தது குற்றம் என்று வழக்கு நடத்துபவர் சொல்லும்போது, அதையே பாராட்டி அரசு முத்திரையோடு அரசு அச்சகம் போட்ட புத்தகத்தை அண்ணி எடுத்துக் காட்டுவாள். வெளிநாட்டுப் பத்திரிகை என்றால் தொடக்கூட மாட்டார்கள். இது அவர்களுடைய சொந்த முத்திரை. நீ எதுவும் புதிதாக எழுதவேண்டாம், எந்த மேடையிலும் ஏறவேண்டாம். எழுதியதை அப்படியே இருக்க விடு. அது போதும்.

அண்ணியிடம் சொன்னேன். பல வாரத்துக்குப் பிறகு அவள் தலை வாரிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

நலமாக இரு.
தங்கை


மார்ச் 28

என் சின்னவளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பரீட்சைத் தாள்கள் குவிந்துவிட்டன. நடுவில் சளியும் பிடித்தது. அம்மா எப்படி இருக்கிறாள்? அண்ணியிடம் தைரியமாக இருக்கச் சொல்.

பதிப்புக் குழுவிலிருந்து எழுதியிருந்தார்கள். புத்தகத்தை அவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். ஆறாம் அத்தியாயம் மட்டும், பட்டறை நிலவரம் மாறியிருப்பதால், இப்போதைக்குப் பொருத்தமாக இருக்காது என்றார்கள். அடுத்த பதிப்பில் சேர்க்கலாமாம். யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு அத்தியாயத்துக்காகப் பிடிவாதம் பிடித்தால் புத்தகமே வராது. வந்தால், எனக்கு அங்கே இன்னும் கொஞ்சம் செல்வாக்கு கூடும், அதை வைத்துத் தம்பிக்காக நேரடியாகப் பேச முடியும். ஒப்புக்கொண்டேன்.

அது சரியான கணக்கு என்றுதான் நினைக்கிறேன். நீ வேறு மாதிரி நினைப்பாய் என்றும் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

அம்மா நலம். அண்ணி நலம். நான் நலம். விசாரிப்பு முடிந்தது.

ஆறாம் அத்தியாயத்தை எடுக்கும் வேலையையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். ஓர் அத்தியாயத்தை எடுப்பது என்றால் என்ன வேலை என்று உனக்குத் தெரிந்திருக்காது. எழுதுகிறவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. ஏழாம் அத்தியாயம் ஆறாகவேண்டும். எட்டு ஏழாகவேண்டும். 'முன் அத்தியாயத்தில் கண்டபடி' என்று நீ எழுதிய இடங்களை எல்லாம் தேடி அடிக்கவேண்டும். பொருளடக்கம், பக்க எண், கடைசியில் உள்ள சொல்லடைவு. சொல்லடைவில் 'திருப்பி அழைத்தல்' என்ற சொல்லுக்கு எதிரே போட இனி பக்கமே இல்லை என்பதால் அந்தச் சொல்லையும் எடுத்தேன். தையல் பிரித்த இடம் தெரியாதபடி சுத்தமாகச் செய்திருக்கிறேன். நல்ல வேலைக்காரி என்று மேலதிகாரி சொன்னார். கைதட்டாததுதான் குறை.

உனக்குச் செல்வாக்குக் கூடும் என்கிறாய். எதற்கு? எந்த நாளில் செலவழிக்க? ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் சேர்த்து வைக்கிற செல்வாக்கு என்ன செல்வாக்கு? பொறுப்பாளரும் இதையேதான் சொல்கிறார்: விழா முடியட்டும், சங்கிலி மாற்றலாம்.

புரட்சி வேறு கோட்பாடு வேறு என்று நீ வாழ்நாளெல்லாம் வகுப்பெடுக்கிறாய். இரண்டுக்கும் நடுவில் ஏன் பள்ளம் விழுகிறது என்பதற்கு உன் புத்தகத்தில் எத்தனை காரணம். முற்றுகை, வறுமை, பின்தங்கிய நிலைமை, வரலாறு. ஒன்றை விட்டுவிட்டாய். எழுதியவர்களே ஓர் அத்தியாயத்தை எடுக்கச் சம்மதிக்கிறார்கள். யாரும் அவர்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு மரியாதையான கடிதம் வருகிறது, சளி பிடித்திருக்கிறது, சரி என்று எழுதிவிடுகிறார்கள். பள்ளம் தோண்டுவது யார் என்று இதற்கு முன் எனக்குப் புரியவில்லை.

நாங்கள் இங்கே இருக்கிறோம், எங்களுக்குப் பயம். கையெழுத்துப் போட்ட டோக்கன்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உனக்கு அங்கே யார் மேல் பயம்?

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நேற்று, "அந்தப் பாலம் எவ்வளவு நீளமாம்?" என்று கேட்டாள்.

இன்னும் நேரம் இருக்கிறது. அச்சு ஏறவில்லை. ஒரு தந்தி அடித்தால் போதும்: 'ஆறாம் அத்தியாயம் இல்லாமல் புத்தகம் வேண்டாம்.' எண்ணிப் பார், ஐந்தே வார்த்தை. உன் பெயரைவிடக் குறைந்த செலவு.

தங்கை


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை. அம்மாவிடம் இனியும் மறைக்காதே.

பயம் யார் மேல் என்று கேட்டாய். சொல்கிறேன், புரிந்துகொள்ள முயற்சி செய். இங்கே இத்தனை வருடம் அந்தப் புரட்சிக்காக நான் ஒருத்தி நின்றிருக்கிறேன். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சை நிறுத்திச் சிரிப்பார்கள். "உங்க சொர்க்கத்துல இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். தொழிலாளி ஓட்டுப் போட்டு மேலாளரை இறக்குவானா, கனவு காண்கிறீர்களா என்பார்கள். அந்தப் பலகையைக் காட்டித்தான் அவர்கள் வாயை அடைத்தேன். இப்போது நானே போய், அந்தப் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள், என் தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னால், அவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். சிரிப்பைக்கூடத் தாங்கிவிடுவேன்.

இது சின்னத்தனம் என்று எனக்கே தெரிகிறது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தந்தி அடிக்கவில்லை. ஆனால் வழக்குக்கு முன்பு வெளியீட்டு விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள், வருகிறேன். பண்பாட்டுத் துறைத் தலைவரை நேரில் பார்த்து, கண்ணைப் பார்த்துக் கேட்கிறேன். எழுத்தில் மறுப்பவர்கள் நேரில் மறுக்க மாட்டார்கள்.

அக்கா


மே 31

அக்காவுக்கு,

விழாவில் உன் காலி நாற்காலியைப் பார்த்தேன். காய்ச்சல் என்று அறிவித்தார்கள். உண்மையாகக் காய்ச்சல் என்றால் இந்நேரம் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். எதுவாக இருந்தாலும், வழக்கில் நடந்ததை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

தொழிலாளர் மன்றக் கூடத்தில் நடந்தது. நாடகம் போடுவார்களே, அந்த மேடையில். அண்ணனைக் கொண்டுவந்தபோது எனக்கு அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று. முன் பல் இரண்டு இல்லை. அண்ணியைப் பார்த்ததும், "கம்பளிச் சட்டை வரவே இல்லையே, மறந்துட்டியா?" என்றான். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். உட்காரச் சொன்னார்கள்.

வழக்கு நடத்தியவரை உனக்கு நினைவிருக்கலாம். முன்பு பட்டறைப் படிப்பு வட்டத்துக்கு வகுப்பெடுத்தவர்.

"மேலிடம் நியமிச்சவரைத் திருப்பி அனுப்பலாம்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார்" என்றான் அண்ணன். "செவ்வாய்க்கிழமை வகுப்பு. நான் முதல் பெஞ்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"அது கோட்பாடு. நிலைமைன்னு ஒண்ணு இருக்கு."

"நிலைமைக்கு ஆகாதுன்னா வகுப்புலயே சொல்லியிருக்கலாமே. நான் அந்த நேரத்துல லேத்தையாவது துடைச்சிருப்பேன்."

அண்ணி எழுந்து, அவருடைய அக்காவே இதைப் பாராட்டி எழுதியிருக்கிறாள் என்றாள். வழக்கு நடத்தியவர் அதற்காகவே காத்திருந்தவர்போல உன் புத்தகத்தை எடுத்தார். புது அட்டை, முத்திரையோடு. பொருளடக்கத்தை முழுவதும் வாசித்தார். நிதானமாக, என் வேலையை. "இதில் அப்படி ஒரு கட்டுரை இல்லை. முன்பு வெளிநாட்டில் எழுதியிருக்கிறார். தவறு என்று உணர்ந்து, தன் சொந்தச் சம்மதத்தோடு நீக்கிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவரின் கூடப்பிறந்த அக்காவே இந்தச் செயலை ஏற்கவில்லை" என்று உன் சம்மதக் கடிதத்தையும் படித்தார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எடுத்துட்டாளா?" என்று கேட்டான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும். நான் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவன் எந்தக் கேள்விக்கும் எகத்தாளமாகப் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றான். பட்டறையில் யார் யார் என்று கேட்டபோது மட்டும், "நான்தான், வேற யாரும் இல்லை" என்றான். எட்டு வருடம், கல்குவாரி.

நீ எழுதிய அந்த அத்தியாயம் வந்திருந்தாலும் அவனை விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. விட்டிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே போயிருப்பான். அதை நீ எடுத்துவிட்டாய். நான் எண்களைச் சரிசெய்தேன்.

அம்மா கூடத்துக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "பெரியவளுக்கு எழுது, அவ மேல கோபமில்லைன்னு" என்றாள். எழுதிவிட்டேன். அது அம்மா சொன்னது.

தங்கை


ஜூலை 19

என் சின்னவளுக்கு,

காய்ச்சல் இல்லை. விசா கிடைத்திருந்தது, பெட்டி கட்டியிருந்தேன். வண்டி வந்து நின்றபோது என்னால் கதவைத் திறக்க முடியவில்லை. வழக்கில் தம்பியின் கண்ணைப் பார்க்கவேண்டிவரும் என்று தோன்றியது.

அம்மா சொன்னதை நீ எழுதிய விதத்தையும் புரிந்துகொண்டேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஆறாம் அத்தியாயத்தையும் தம்பிக்கு நடந்த எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, இங்கே மிக அதிகம் விற்கும் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். நான் இத்தனை நாள் வாசிக்கக்கூட மாட்டேன் என்று சொன்ன பத்திரிகை. அவர்கள் போடும் தலைப்பு எனக்குப் பிடிக்கப்போவதில்லை. எங்கள் ஆசிரியர் அறையிலும் சொல்லிவிட்டேன். நேற்று எல்லோரும் எனக்கு நாற்காலி நகர்த்திப் போட்டார்கள். நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது. தம்பியின் பெயர், கல்குவாரி, பொறுப்பாளர், அந்த ஜன்னல் எல்லாம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. உன் பெயரைப் போடவில்லை. அடுத்த வாரம் வெளிவருகிறது. இனியாவது அவர்கள் பதில் சொல்லியாகவேண்டும்.

அம்மாவுக்கு என் முத்தங்கள். நீ எனக்கு மறுபடி எழுதுவாயா?

அக்கா


இந்தக் கடிதம் என் கைக்குக் கிடைத்தபோது பத்திரிகை ஏற்கெனவே வெளிவந்திருந்தது. அந்த மாதமே என்னை அச்சகத்திலிருந்து நீக்கினார்கள். செப்டம்பரில் அண்ணனைக் கல்குவாரியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எந்த இடம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.